கையெழுத்துக்கு முன்பே சட்ட ஆலோசனை கிடைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூரில் தையல், செக்கிங், அயர்னிங், பிரிண்டிங் என்று ஜாப் ஒர்க், அதாவது பிறர் தரும் துணியில் கூலிக்கு வேலை, செய்யும் சிறு யூனிட்டுகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதும் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்து கொடுப்பதும் என் தொழில். பாக்கிப் பணம் வராமல் இந்த யூனிட்டுகள் திணறுவதைப் பற்றித் தங்கள் நாளிதழ் உட்படப் பல பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. ஆனால் அந்தத் தொல்லை தொடங்கும் இடத்தைப் பற்றி, அதாவது வேலையை ஒப்புக்கொள்ளும் நேரத்தில் இவர்களுக்குச் சட்டம் சொல்லித் தர ஒருவரும் இல்லை என்பதைப் பற்றி, போதிய கவனம் எழவில்லை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். மாவட்டத் தொழில் மையமும் இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் சேர்ந்து சிறு தொழில்களுக்கான ஒப்பந்த ஆலோசனை மையம் ஒன்றைத் தொடங்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

எங்கள் ஊரில் ஒரு ஜாப் ஒர்க் ஆர்டர் எப்படிக் கைமாறுகிறது என்பதை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் மெர்ச்சண்டைசரின், அதாவது நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிப்பவரின், தொலைபேசி அழைப்பு ஒன்று வரும். பீஸுக்கு என்ன ரேட், எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்பது அதிலேயே முடிவாகிவிடும். பிறகு வாட்ஸ்அப்பில் அளவுப் பட்டியலும் மாதிரிப் படமும் வரும், கட்டிங் பீஸ்கள் டெலிவரி சலானோடு வேனில் வந்து இறங்கும். கொஞ்சம் பெரிய நிறுவனமாக இருந்தால் பர்ச்சேஸ் ஆர்டர் ஒன்றும் வரும். அதன் முன்பக்கத்தில் ரேட்டும் எண்ணிக்கையும் இருக்கும். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் நிபந்தனைகள் இருக்கும். அந்தப் பின்பக்கத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர் என்று என்னிடம் கணக்கு வைத்திருப்பவர்களில் ஒருவரைக்கூடச் சொல்ல முடியாது. இதை அவர்களுடைய அலட்சியம் என்று நான் கருதவில்லை. படித்தாலும் புரியாத மொழியில் இருப்பதை, ஆர்டர் கைநழுவிவிடுமோ என்ற பதற்றத்தில், அன்று மாலைக்குள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டிய நிலையில் இருப்பவர்கள் வேறென்ன செய்வார்கள்?

அந்தப் பின்பக்கம் உயிர்பெறுவது கணக்கு முடிக்கும் நாளில்தான். எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி சில பவர் டேபிள்களை (மின் தையல் இயந்திரங்களை) வைத்துத் தையல் யூனிட் நடத்துகிறார். டி-சர்ட் ஆர்டர் ஒன்றைத் தைத்து அனுப்பினார்; சலானில் கையெழுத்தும் வாங்கினார்; பில்லும் கொடுத்தார். பீஸ்களில் குறை இருப்பதாக வாரக்கணக்கில் எந்தப் பேச்சும் இல்லை. மூன்றாம் மாதம் பாக்கியைக் கேட்டபோது டெபிட் அடித்த பட்டியல் ஒன்று வந்தது. இத்தனை பீஸ் ரிஜெக்ஷன், இத்தனை ஷார்ட்டேஜ், சரக்கு தாமதமானதால் விமானத்தில் அனுப்ப நேர்ந்த செலவில் ஒரு பங்கு என்று கழித்துக்கொண்டு, அவருக்கு வர வேண்டியதில் ஏறத்தாழப் பாதியை மட்டும் தருவதாகச் சொன்னார்கள். அவர் தையல்காரர்களுக்கு வாரச் சம்பளம் கொடுத்து முடித்திருந்தார். முழு பில் தொகைக்கும் உரிய 5 சதவீத ஜி.எஸ்.டி.யை, பணம் கைக்கு வருவதற்கு முன்பே, மறுமாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியும் இருந்தார். கிடைத்ததை வாங்கிக்கொண்டு கணக்கை முடித்தார்.

அவருக்கு இருந்த உரிமைகளை எண்ணிப் பார்த்தால் மனம் கனக்கிறது. 2006ஆம் ஆண்டு குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, சரக்கையோ வேலையையோ பெற்றுக்கொண்டவர் அதில் குறை கண்டால் 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால், ஒப்படைத்த நாளிலேயே சரக்கை ஏற்றுக்கொண்டதாகத்தான் அந்தச் சட்டம் பணம் தர வேண்டிய கெடுவைக் கணக்கிடும். கெடு பற்றி எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 15 நாட்கள்; எழுத்தில் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் போகக் கூடாது. பர்ச்சேஸ் ஆர்டரில் 90 நாள், 120 நாள் என்று அச்சடித்திருந்தாலும் அது சட்டத்தின் முன் நிற்காது. கெடு தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டியை, மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கணக்கிட்டுத் தர வேண்டும்.

விமானச் செலவு விஷயத்திலும் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் அவருக்குத் துணை நின்றிருக்கும். குறித்த நேரத்தில் முடிப்பது அந்த ஒப்பந்தத்துக்கு எவ்வளவுதான் இன்றியமையாததாக இருந்தாலும், தாமதமாக வந்த வேலையை ஏற்றுக்கொள்பவர், ஏற்கும்போதே இழப்பீடு கேட்கப்போவதாக அறிவிக்காவிட்டால், அந்தத் தாமதத்துக்காகப் பின்னர் இழப்பீடு கேட்க முடியாது என்கிறது அதன் 55ஆம் பிரிவு. ஒப்பந்தத்தை மீறியதால் இயல்பாக விளையும் நட்டத்தை, அல்லது விளையும் என்று இரு தரப்பும் ஒப்பந்தத்தின்போதே அறிந்திருந்த நட்டத்தை மட்டுமே கேட்கலாம், தொலைவிலிருந்து சுற்றிவளைத்து வரும் நட்டத்தைக் கேட்க முடியாது என்கிறது 73ஆம் பிரிவு. ஒப்பந்தத்தில் அபராதத் தொகை என்று ஒன்றைக் குறித்திருந்தாலும், அந்தத் தொகைக்கு உட்பட்டு, நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும் என்கிறது 74ஆம் பிரிவு. இத்தனையும் ஏட்டில் இருக்க, ஆர்டர் கொடுத்தவர் தாமே பார்த்துக் கழித்துக்கொள்வதுதான் சந்தையில் சட்டமாக இருக்கிறது.

வழக்குத் தொடுக்கும் வழிகள் இல்லாமலும் இல்லை. மேற்சொன்ன 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி, பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் குறு, சிறு நிறுவனங்களுக்கான வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். தமிழ்நாட்டில் சென்னையில் மட்டுமின்றி கோவை, மதுரை, திருச்சி ஆகிய ஊர்களிலும் இம்மன்றங்கள் இருக்கின்றன. 2017 முதல் இணையதளம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். பணம் தர வேண்டியவர் இந்தியாவின் எந்த மூலையில் இருந்தாலும், வேலை செய்து கொடுத்தவர் இருக்கும் இடத்து மன்றத்துக்கே விசாரிக்கும் அதிகாரம் உண்டு. 'மும்பை நீதிமன்ற எல்லைக்கு மட்டும் உட்பட்டது' என்ற அச்சடித்த வரியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தகராறைத் தனி நடுவரிடம் விடுவதாக ஒப்பந்தம் இருந்தாலும் இந்தச் சட்டத்தின் வழியே மேலோங்கும் என்று 2022இல் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்ல விரும்பும் நிறுவனம், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முன்னதாகக் கட்ட வேண்டும். இவ்வளவு வலுவான பாதுகாப்பு சிறு தொழிலுக்கு வேறு எந்தச் சட்டத்திலும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அப்படியிருந்தும் என்னிடம் வருபவர்கள் மன்றத்தின் வாசலை மிதிக்கத் தயங்குகிறார்கள். 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் அது நீண்டுகொண்டே போவது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், 'கேஸ் போட்டவர்' என்ற பெயர் வந்துவிட்டால் அடுத்த சீசனுக்கு ஆர்டர் கிடைக்காது என்ற அச்சம். அந்த அச்சம் பொய்யல்ல. பத்துப் பதினைந்து பேருக்கு வேலை கொடுக்கும் ஒருவர், ஒரு பாக்கிக்காக எதிர்காலத்தையே பணயம் வைக்க மாட்டார். எனவேதான், சண்டை மூண்ட பிறகு கிடைக்கும் உதவியைவிட, சண்டைக்கே இடமில்லாதபடி முதலிலேயே தெளிவாக எழுதிக்கொள்ள உதவுவது இவர்களுக்குப் பன்மடங்கு பயன்படும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்து ஒரு வரியை மாற்றச் சொல்லிக் கேட்பவரை யாரும் கேஸ் போட்டவர் என்று ஒதுக்குவதில்லை.

இந்த உதவி இப்போது எங்கிருந்து கிடைக்கிறது? உண்மையைச் சொன்னால் என்னைப் போன்ற கணக்காளர்களிடமிருந்துதான். 'இதைக் கொஞ்சம் பாருங்கண்ணா' என்று ஒப்பந்தங்களைக் கைப்பேசியில் அனுப்புகிறார்கள். வரி விஷயத்தில் நாங்கள் சொல்லலாம். ஒப்பந்தத்தின் ஒரு நிபந்தனை செல்லுமா செல்லாதா என்று சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை, சொல்வது முறையும் இல்லை. வழக்கறிஞரிடம் போகச் சொன்னால், ஐம்பதாயிரம் ரூபாய் ஆர்டருக்கு வக்கீலா என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.

இலவசச் சட்ட உதவி என்பது ஜாமீனுக்கும் குடும்ப வழக்குக்கும் மட்டுமானது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அதன் 12ஆம் பிரிவின்படி, வழக்குத் தொடுக்கவோ வழக்கை எதிர்கொள்ளவோ வேண்டியிருக்கும் எந்தப் பெண்ணும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவிக்கு உரியவர். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கும் அவ்வாறே. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு உண்டு. திருப்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் தையல் யூனிட்டுகளைத் தங்கள் பெயரில் நடத்தும் பெண்கள் ஏராளம். அவர்களில் ஒருவர்கூட இப்படியொரு உரிமை தமக்கு உண்டென்று அறிந்திருந்ததை நான் கண்டதில்லை. மேலும், சட்டப் பணி என்பதில் நீதிமன்ற வழக்கை நடத்துவது மட்டுமன்றி எந்தச் சட்ட விஷயத்திலும் ஆலோசனை தருவதும் அடங்கும் என்று அதே சட்டத்தின் 2ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே, கையெழுத்துக்கு முந்தைய ஆலோசனையை இந்த ஆணைக்குழுக்கள் வழங்குவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அலுவலகம் இருக்கிறது, ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ள குழு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், 15100 என்ற கட்டணமில்லா உதவி எண்ணும் இருக்கிறது. அந்த வாசலுக்குள் சிறு தொழில் நுழைவதற்கு ஓர் அழைப்புதான் இல்லை.

இதே ஆணைக்குழுக்களுக்கு வணிக வழக்குகளில் ஏற்கெனவே ஒரு பங்கு இருக்கிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டத்தில் 2018இல் செய்த திருத்தத்தால், 3 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வணிகத் தகராறுகள் இந்நீதிமன்றங்களின் வரம்புக்குள் வந்தன. அவசர இடைக்கால நிவாரணம் தேவைப்படாத வழக்குகளில், வழக்குப் போடுவதற்கு முன் ஆணைக்குழுவின் வழியாகச் சமரசம் பேசிப் பார்ப்பது கட்டாயம் என்று 2022இல் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மூன்று மாதங்களுக்குள், இரு தரப்பும் சம்மதித்தால் மேலும் இரண்டு மாதங்களுக்குள், இந்தச் சமரசப் பேச்சை முடிக்க வேண்டும். வணிகச் சமரசத்தைக் கையாளும் அமைப்புக்கு வணிக ஒப்பந்தத்தை விளக்கிச் சொல்வது புதிய சுமையாக இருக்காது.

நான் கேட்கும் மையத்தில் என்ன நடக்க வேண்டும்? மாவட்டத் தொழில் மையத்தில் வாரம் ஒரு நாள், வணிகச் சட்டம் அறிந்த குழு வழக்கறிஞர் ஒருவர் அமர வேண்டும். பர்ச்சேஸ் ஆர்டரையோ ஒப்பந்தத்தையோ கொண்டு வருபவருக்கு அதைத் தமிழில் வாசித்து விளக்கி, எந்த நிபந்தனை ஆபத்தானது, எதை மாற்றச் சொல்லிக் கேட்கலாம் என்று சொல்ல வேண்டும். இதோடு, ஜாப் ஒர்க்குக்கான மாதிரி ஒப்பந்தம் ஒன்றைத் தொழில் அமைப்புகளும் வழக்கறிஞர் சங்கமும் சேர்ந்து, படித்தால் புரியும் தமிழில் தயாரித்து வெளியிட வேண்டும். இரண்டு பக்கம் போதும். ரேட்டும் எண்ணிக்கையும் தேதியும் எப்படியும் எழுதிவிடுவார்கள். எழுதாமல் விடுபவைதான் பின்னால் பகையாகின்றன. கட்டிங் பீஸ்களை எண்ணி ஒப்படைப்பது யார், சேதாரம் எத்தனை சதவீதம் வரை ஏற்கப்படும், குறைகளைச் சோதிப்பது யாருடைய இடத்தில், எத்தனை நாட்களுக்குள், குறையுள்ள பீஸ்களைத் திருத்திக் கொடுக்க வாய்ப்பு உண்டா, துணியோ அக்சஸரியோ தாமதமாக வந்தால் தேதி தள்ளிப்போகுமா, ஆர்டர் பாதியில் ரத்தானால் அதுவரை செய்த வேலைக்கு என்ன என்ற கேள்விகளுக்கெல்லாம் அதில் விடை இருக்க வேண்டும்.

கடைசிக் கேள்வியின் அருமை 2025இல் தெரிந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, அந்நாட்டை நம்பியிருந்த ஏற்றுமதியாளர்கள் ஆர்டர்களை நிறுத்திவைக்க நேர்ந்தது. அவர்களுடைய நெருக்கடி உண்மையானது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஆர்டர் நின்றால் யார் எவ்வளவு தாங்குவது என்று எழுத்தில் எதுவும் இல்லாததால், என் வாடிக்கையாளர்களில் சிலர், பாதி தைத்து அடுக்கிய பீஸ்களோடு, யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றார்கள். வெளிநாட்டு பையரிடம் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் ஏற்றுமதியாளரும் இதே நிலையில்தான் இருக்கிறார் என்பதால், தெளிவான எழுத்து ஒப்பந்தத்தின் தேவையை அவர்களும் உணர்வார்கள் என்றே நம்புகிறேன். தகராறுகளைத் தொழில் அமைப்புகளே கூடிப் பேசித் தீர்த்த அனுபவமும் எங்கள் ஊருக்கு உண்டு.

ஆலோசனை மையம் சொல்லித் தர வேண்டிய வேறு சில செய்திகளும் உண்டு. குறு, சிறு நிறுவனம் என்று மத்திய அரசிடம் பதிந்துகொள்ளும் உத்யம் பதிவு இலவசம்; ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம். பாக்கி விழுந்த பிறகு பதிவு செய்ய ஓடுவதில் பயனில்லாமல் போகலாம்: ஒப்பந்தத்துக்கும் சரக்கு கொடுத்ததற்கும் பின்னர் செய்த பதிவு பழைய பாக்கிக்குப் பலன் தராது என்று 2021இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. பதிவு குறித்த கேள்வி 2025இல் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டிருந்தாலும், முதல் ஆர்டருக்கு முன்பே பதிந்துகொள்வதே பாதுகாப்பு. நாள் நிரப்பாத, தொகை நிரப்பாத செக்கில் கையெழுத்திட்டு உத்தரவாதமாகக் கொடுக்கும் வழக்கம் மிகவும் ஆபத்தானது. தாமாகக் கொடுத்த வெற்றுச் செக்காக இருந்தாலும், அது கடனுக்காகக் கொடுத்ததே என்ற சட்ட அனுமானம் கொடுத்தவருக்கு எதிராக நிற்கும். பாக்கியை மூன்று ஆண்டுகளுக்கு மேல் கேட்காமல் விட்டால் காலாவதிச் சட்டம் கதவை மூடிவிடும். அதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்துடன் எழுதி வாங்கினால், அந்த நாளிலிருந்து காலம் புதிதாகத் தொடங்கும். ஆண்டு முடிவில் பாக்கி உறுதிக் கடிதம் வாங்கச் சொல்லி நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

வாட்ஸ்அப் செய்திகளும் சாட்சியமாகும். ஆனால் 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழோடு அவற்றைத் தாக்கல் செய்ய வேண்டும். கைப்பேசியை மாற்றும்போது பழைய உரையாடல்களை அழித்துவிடுவது, கையில் இருந்த ஒப்பந்தத்தையே கிழித்துப் போடுவதற்குச் சமம்.

சண்டையின்றிப் பணம் கேட்பதற்குக்கூடச் சட்டம் சில பிடிமானங்களைத் தந்திருக்கிறது. 180 நாட்களுக்குள் பில் தொகையைத் தராத நிறுவனம், அந்தப் பில்லுக்கு எடுத்த ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரிச் சலுகையை, அதாவது தன் வரியில் கழித்துக்கொண்ட தொகையை, திருப்பிக் கட்ட வேண்டும். 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கொண்டு வந்து 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குச் சட்டம் சொல்லும் 15 அல்லது 45 நாள் கெடுவைத் தாண்டித் தரும் தொகையை, உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். இந்த இரண்டையும் குறிப்பிட்டுப் பணிவாக எழுதும் ஒரு கடிதத்துக்கு, எதிர்த் தரப்புக் கணக்குப் பிரிவு பதில் சொல்வதைக் கண்டிருக்கிறேன். அத்தகைய கடிதத்தை எழுதிக் கொடுப்பதும் அந்த மையத்தின் வேலையாக இருக்கலாம்.

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தலைவராக முதன்மை மாவட்ட நீதிபதி இருக்கிறார். மாவட்டத் தொழில் மையம் பொது மேலாளரின் பொறுப்பில் இயங்குகிறது. இருவரும் ஒருமுறை கூடிப் பேசினால், வாரத்தில் எந்த நாள், எந்த அறை, எந்த வழக்கறிஞர் என்பதை அன்றைக்கே முடிவு செய்துவிடலாம். சீசன் ஆர்டர்கள் கையெழுத்தாவதற்கு முன் மாதிரி ஒப்பந்தம் அச்சாகித் தொழில் மையத்திலும் தொழில் அமைப்புகளின் அலுவலகங்களிலும் கிடைத்தால், அதை எங்கள் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவரிடமும் கொண்டு சேர்க்கும் பொறுப்பை என்னைப் போன்ற கணக்காளர்கள் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வோம். இக்கோரிக்கையைத் தங்கள் நாளிதழ் வழியாக மாவட்ட நிர்வாகத்தின் பார்வைக்குக் கொண்டு செல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஜாப் ஒர்க் யூனிட்டுகளின் கணக்காளர் ஒருவர்,
திருப்பூர்.